ராயல் மெயிலை வித்த கதை: 330 பென்ஸ்ல ஆரம்பிச்சு 370 பென்ஸ்ல முடிஞ்சது

தபால் துறைய தனியாருக்குக் குடுக்கலாமா கூடாதாங்கற சண்டை எந்த நாட்டுல வந்தாலும் ரெண்டு தரப்பும் பிரிட்டனோட ராயல் மெயிலைத்தான் இழுப்பாங்க. ஆதரிக்கறவங்க, அரசாங்கத்துகிட்ட இருந்தா முதலீடு வராது, மந்திரிங்க தலையிடறதை விட மாட்டாங்கம்பாங்க. எதிர்க்கறவங்க, ஸ்டாம்ப் விலை எங்க போய் நிக்குது பாரு, லெட்டர் என்னைக்கு வருது பாரும்பாங்க. ரெண்டு பக்கமும் சொல்றது உண்மைதான், ஆனா ரெண்டு பேருமே ஒரு விஷயத்தை லேசா தாண்டிப் போயிடறாங்க. கம்பெனிய வித்த காசு எங்க போச்சு, நல்லா ஓடின வருஷத்து லாபம் எங்க போச்சு, ஓடாத வருஷத்து சுமை யார் தலையில விழுந்துச்சு? எனக்கு இந்தப் பணத்தோட தடத்தைப் பிடிச்சுப் போறதுதான் சரியான வழின்னு தோணுது, அதனால கொள்கை வசனத்தை எல்லாம் ஓரமா வெச்சுட்டு நடந்ததை வரிசையா பார்ப்போம்.

தாட்சரே தொடாத கம்பெனி

ராயல் மெயில்ங்கறது 1516ல இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி தன் அரசவைக் கடிதம் போகறதுக்காக ஏற்படுத்தினது, 1635ல முதலாம் சார்லஸ் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டாரு, 1840ல ரோலண்ட் ஹில் யோசனைப்படி நாடு முழுக்க ஒரே விலை, ஒரு பென்னி ஒட்டினா எங்க வேணா போகும்னு ஆச்சு. அந்த ஒரே விலைங்கற சமாச்சாரத்தை மனசுல வெச்சுக்கங்க, மொத்தக் கதையும் அதுலதான் சிக்கியிருக்கு.

மார்கரெட் தாட்சர் டெலிபோனை வித்தாங்க, கேஸை வித்தாங்க, ஏர்லைன்ஸை வித்தாங்க, தண்ணிய வித்தாங்க. ராயல் மெயிலை மட்டும் தொடல. ராணியோட தலை ஸ்டாம்ப்புல இருக்கு, அதை விக்க நான் தயாரா இல்லைங்கறது அவங்க நிலைப்பாடு. 1994ல மந்திரி மைக்கேல் ஹெசல்டைன் மறுபடி எடுத்தாரு. ஜான் மேஜர் அரசாங்கத்துக்கு அப்ப மெஜாரிட்டி ரொம்பக் கம்மி, சொந்தக் கட்சிக்காரங்களே, அதுவும் கிராமத்துத் தொகுதி எம்பிங்க, முரண்டு பிடிச்சதுல கைவிட்டாச்சு. அப்புறம் லேபர் வந்து 2001ல இதை அரசுக்குச் சொந்தமான லிமிடெட் கம்பெனியா மாத்தி, கன்சைனியான்னு ஒரு பேரும் வெச்சாங்க. மருந்து மாத்திரைக்கு வெக்கற மாதிரி ஒரு பேரு. ஊரே சிரிச்சது, அடுத்த வருஷமே பழைய பேருக்குத் திரும்பினாங்க. 2009ல லேபர் மந்திரி பீட்டர் மாண்டெல்சன் 30% பங்கை மட்டும் விக்க மசோதா கொண்டு வந்தாரு, சொந்தக் கட்சி எதிர்ப்பு ஒரு பக்கம், 2008 சரிவுக்கு அப்புறம் நல்ல விலைக்குக் கேக்க ஆள் இல்லாதது ஒரு பக்கம், அதுவும் படுத்துருச்சு.

இதுக்கு நடுவுல கம்பெனியோட அடிப்படையே ஆடிப் போச்சுங்கறதையும் சொல்லணும். 2004-05 வாக்குல வருஷத்துக்கு 2,000 கோடி லெட்டர் போய்ட்டு இருந்தது, அதுதான் உச்சம். அதே சமயத்துல 2006 ஜனவரி 1ல இருந்து லெட்டர் மார்க்கெட்டை முழுசா போட்டிக்குத் திறந்துவிட்டாங்க. ஐரோப்பாவுல நிறைய நாடுங்க இன்னும் யோசிச்சுட்டே இருந்த நேரம் அது. ஈமெயில் ஒரு பக்கம் அரிக்குது, போட்டிக்காரன் ஒரு பக்கம் அரிக்கறான், பென்ஷன் பள்ளம் ஒரு பக்கம். ரிச்சர்ட் ஹூப்பர்ங்கறவர் 2008லயும் 2010லயும் அரசாங்கத்துக்குக் குடுத்த ரிப்போர்ட்டுல இதைத்தான் சொன்னாரு: நவீனமாக்க முதலீடு வேணும், பென்ஷனை அரசாங்கம் ஏத்துக்கணும், தனியார் மூலதனம் வரணும்.

அந்த "மூலதனம் வரணும்"ங்கறதுதான் விற்பனைக்குச் சொன்ன முதல் காரணம். 2010ல கூட்டணி அரசாங்கத்துல லிபரல் டெமாக்ரட் கட்சியோட வின்ஸ் கேபிள் வர்த்தக மந்திரியாகி, 2011ல சட்டமும் பாஸ் பண்ணாங்க.

கடனை அடைச்சுட்டு விக்கற வீடு

சட்டம் பாஸான உடனே வித்துடல. ரெண்டு வருஷம் தயார் பண்ணாங்க, எனக்கு ஐபிஓவை, அதாவது மார்க்கெட்ல முதல் தடவையா ஷேர் வித்ததை விட இந்தத் தயாரிப்புதான் சுவாரசியம். அடமானத்துல இருக்கற வீட்டை விக்கறவர் முதல்ல கடனைத் தன் தலையில ஏத்திக்கிட்டு, பத்திரத்தை சுத்தமாக்கி, வாடகையையும் ஏத்திவிட்டு அப்புறம் விளம்பரம் குடுத்தா எப்படி இருக்கும், அதேதான்.

முதல்ல பென்ஷன். 2012 ஏப்ரல்ல அரசாங்கம் ராயல் மெயிலோட பழைய பென்ஷன் பொறுப்பை மொத்தமா ஏத்துக்கிச்சு. அதுகூட சுமார் 2,800 கோடி பவுண்டு சொத்தும் கஜானாவுக்கு வந்துச்சு, ஆனா எதிர்காலத்துல குடுக்க வேண்டியது அதை விட சுமார் 1,000 கோடி அதிகம். கணக்குல ஒரு வேடிக்கை பாருங்க: வந்த சொத்து அந்த வருஷ வரவா பதிவாகி நாட்டோட பற்றாக்குறை குறைஞ்ச மாதிரி காட்டிச்சு, குடுக்க வேண்டியது வரப்போற வருஷங்களுக்குப் போயிருச்சு. அந்த 1,000 கோடி பவுண்டு பள்ளம் கம்பெனி புத்தகத்துல இருந்திருந்தா ஒருத்தனும் ஷேர் வாங்கியிருக்க மாட்டான், அது நிச்சயம்.

அடுத்து விலை. கட்டுப்பாட்டு அமைப்பு ஆஃப்காம் ஃபர்ஸ்ட் கிளாஸ் (மறுநாளே போய்ச் சேர வேண்டிய தபால்) ஸ்டாம்ப்புக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துருச்சு, செகண்ட் கிளாஸுக்கு (மெதுவா போற, விலை கம்மியான தபால்) மட்டும் வெச்சுக்கிச்சு. 2012 ஏப்ரல்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் 46 பென்ஸ்ல இருந்து ஒரே தாவுல 60, செகண்ட் கிளாஸ் 36ல இருந்து 50. கம்பெனி அரசாங்கத்துகிட்ட இருந்தப்பவே நடந்த விலையேத்தம் இது, தனியார் வந்துதான் ஏத்தினான்னு சொல்றவங்க இதை மறந்துடறாங்க.

மூணாவது, கவுண்டரையும் டெலிவரியையும் பிரிச்சது. போஸ்ட் ஆபீஸ் லிமிடெட், அதாவது நீங்க போய் க்யூவுல நிக்கற கடை, அரசாங்கத்துகிட்டயே நின்னுடுச்சு. லெட்டரும் பார்சலும் சுமக்கற ராயல் மெயில் மட்டும் விற்பனைக்கு. நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக் குழப்பிக்கறாங்க. ஹொரைசன் கம்ப்யூட்டர் கோளாறால சப் போஸ்ட்மாஸ்டர்களைத் திருடன்னு கோர்ட்டுக்கு இழுத்து, 900க்கும் மேற்பட்டவங்களுக்குத் தண்டனை ஆனது போஸ்ட் ஆபீஸ் பக்கம் நடந்த அநியாயம். அது 1999ல ஆரம்பிச்சு நடந்தப்பவும் சரி, அப்புறம் மூடி மறைச்சப்பவும் சரி, முழுக்க அரசாங்கச் சொத்து. அரசுன்னாலே மக்கள் பக்கம்னு கண்ணை மூடிட்டு சொல்றவங்க அந்த ஒரு வழக்கைப் படிச்சாப் போதும்.

இப்படி சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் 2012-13ல கம்பெனி 40 கோடி பவுண்டுக்கு மேல லாபம் காட்டிச்சு. கனடா போஸ்ட்டுல இருந்து வந்த மோயா கிரீன் தலைமை அதிகாரி. எதிர்க்கறவங்க கேள்வி நேரா வந்துச்சு: லாபத்துல ஓடுதுல்ல, ஏன் விக்கறீங்க? ஆளுங்கட்சிக்கு நெருக்கமான போ குரூப்ங்கற சிந்தனைக் குழுவே வேண்டாம்னு சொல்லிச்சு. தபால்காரங்க சங்கம் சிடபிள்யூயூ ஸ்ட்ரைக் ஓட்டெடுப்பு அறிவிச்சது.

227 ஷேர்

2013 அக்டோபர். ஒரு ஷேர் விலை 260ல இருந்து 330 பென்ஸுக்குள்ளனு (100 பென்ஸ் ஒரு பவுண்டு) அறிவிச்சாங்க, உச்சமான 330லயே வித்தாங்க. 60% பங்கு, 198 கோடி பவுண்டு. ஊழியர் சுமார் 1,50,000 பேருக்கு 10% இலவசம், மூணு வருஷம் விக்கக் கூடாதுன்னு நிபந்தனையோட.

சாதாரண மக்கள்கிட்ட இருந்து சுமார் 7,00,000 விண்ணப்பம் வந்துச்சு. கேட்டது ஏழு மடங்கு. அதனால 10,000 பவுண்டு வரைக்கும் கேட்டவங்க எல்லாருக்கும் ஆளுக்கு 227 ஷேர், மதிப்பு 749 பவுண்டு 10 பென்ஸ். 10,000க்கு மேல கேட்டவங்களுக்கு சுத்தமா இல்ல. பேராசைக்காரனுக்குக் கிடையாதுங்கற மாதிரி ஒரு ஏற்பாடு, பார்க்க நியாயமா இருக்கும். ஆனா அது சின்ன ஆளுங்க வரிசைக்கு மட்டும்தான். இன்னொரு வரிசை இருந்துச்சு.

16 பெரிய முதலீட்டாளர்களை "முன்னுரிமை" பட்டியல்ல வெச்சாங்க. நீண்ட காலம் கூட இருப்பாங்க, கம்பெனிக்கு நிலையான முதலாளி வேணும்ங்கற வாதம். அவங்களுக்கு மட்டும் 22% பங்கு ஒதுக்கினாங்க. சிங்கப்பூர் அரசோட ஜிஐசி, குவைத் முதலீட்டு அமைப்பு எல்லாம் அதுல உண்டு. முதல் நாள் மார்க்கெட் முடியறப்ப ஷேர் 455 பென்ஸ். ஒரே நாள்ல 38% ஏத்தம், அரசாங்கம் வித்த பங்கை மட்டும் கணக்குப் போட்டா 75 கோடி பவுண்டு கை மாறிப் போச்சு. 2014 ஜனவரில 600 பென்ஸையும் தாண்டிச்சு. "நீண்ட காலம் கூட இருப்பாங்க"ன்னு சேர்த்த அந்தப் பதினாறு பேர்ல ஆறு பேரு கொஞ்ச வாரத்துலயே மொத்தத்தையும் வித்துட்டுக் கெளம்பிட்டாங்க.

அதுலயும் ஒண்ணு. விலை என்ன வெக்கலாம்னு அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்ன கம்பெனி லசார்ட். அதே குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுப் பிரிவு முன்னுரிமைப் பட்டியல்ல இருந்து 330க்கு 60 லட்சம் ஷேர் வாங்கி, ரெண்டே நாளுக்குள்ள 470க்கு வித்து 80 லட்சம் பவுண்டுக்கு மேல பார்த்துச்சு. ரெண்டு பிரிவுக்கும் நடுவுல சுவர் இருக்கு, ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காதுன்னு விளக்கம் சொன்னாங்க. சட்டப்படி அது சரியாவே இருக்கலாம். தபால்காரனுக்கு மூணு வருஷம் விக்கக் கூடாதுன்னு பூட்டு போட்டுட்டு இவங்களுக்கு ரெண்டு நாள் பூட்டு கூட போடலைங்கறதுதான் எனக்கு உறுத்துது.

தணிக்கை அலுவலகம் 2014 ஏப்ரல்ல கடுமையான ரிப்போர்ட் குடுத்துச்சு, வித்தே ஆகணும்ங்கற அவசரத்துல அளவுக்கு மீறி பயந்து விலை வெச்சாங்க, அந்த பயத்துக்கு விலை குடுத்தது வரி கட்டறவன்னு. கேபிள் தரப்பு வாதத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அது முழுசா சப்பைக்கட்டு இல்ல. அந்த வாரம் அமெரிக்க அரசாங்கம் பட்ஜெட் சண்டையில மூடிக் கெடந்துச்சு, இங்க ஸ்ட்ரைக் ஓட்டெடுப்பு நடந்துட்டு இருந்துச்சு, ஐபிஓ படுத்துட்டா இன்னொரு இருபது வருஷம் யாரும் இதைத் தொட மாட்டாங்க. ஏறின விலை வெறும் நுரைன்னு அவர் சொன்னாரு. பின்னாடி லார்ட் மைனர்ஸ் தலைமையில ஒரு ஆய்வு நடந்துச்சு, அது அதிகபட்சம் 20-30 பென்ஸ் கூட வாங்கியிருக்கலாம், சுமார் 18 கோடி பவுண்டுதான் வித்தியாசம்னு முடிச்சது. 75 கோடியா 18 கோடியான்னு இன்னும் சண்டை போடறாங்க. போடட்டும்.

எனக்கு முக்கியம் வேற. இந்த 198 கோடி பவுண்டுல ராயல் மெயிலுக்கு ஒரு பென்ஸ் கூட போகல. கம்பெனி புது ஷேர் வெளியிட்டிருந்தா பணம் கம்பெனிக்குள்ள போயிருக்கும். இங்க அரசாங்கம் தன்கிட்ட இருந்த பழைய ஷேரை வித்துச்சு, பணம் கஜானாவுக்குப் போச்சு. 2015ல மிச்சத்தையும் ரெண்டு தவணையா வித்தாங்க, ஜூன்ல 500 பென்ஸ், அக்டோபர்ல 455, கடைசி சில்லறைய ஊழியர்களுக்குக் குடுத்தாங்க. எல்லாம் சேர்த்து சுமார் 330 கோடி பவுண்டு, மொத்தமும் கஜானாவுக்கு. மூலதனம் கொண்டு வரத்தான் விக்கறோம்னு சொன்னவங்க மூலதனமே கொண்டு வராத ஒரு விற்பனைய பண்ணாங்க. கடன் பத்திரம் மூலமா வெளிய கடன் வாங்கற சுதந்திரம் கிடைச்சது உண்மை, வாங்கவும் செஞ்சாங்க, பின்னாடி வாரிங்டன்லயும் டேவன்ட்ரிலயும் பெரிய பார்சல் மையம் கட்டினாங்க. அது 2022, 2023ல. அமேசான்காரன் தன் வேனை ஓட்ட ஆரம்பிச்சு எவ்வளவோ வருஷம் ஆயிருந்துச்சு.

கடைசி மைல்

பொதுச் சேவைக் கடமைன்னு ஒண்ணு சட்டத்துலயே இருக்கு. வாரத்துல ஆறு நாள் லெட்டர், அஞ்சு நாள் பார்சல், சுமார் 3.2 கோடி முகவரி, ஸ்காட்லாந்துக்கு வடக்க ஷெட்லாண்ட் தீவா இருந்தாலும் லண்டன் பக்கத்துத் தெருவா இருந்தாலும் ஒரே விலை. ரோலண்ட் ஹில் காலத்து வாக்குறுதி. வாங்கினவங்களுக்கு இந்தக் கடமையும் சேர்ந்துதான் வந்துச்சு.

இதோட செலவு எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சாதான் மீதிக் கதை புரியும். ஒரு தபால்காரருக்கு ஒரு நடை ரூட் இருக்கும், அவங்க அதை வாக்னு சொல்வாங்க. காலையில டெலிவரி ஆபீஸ்ல தன் ரூட்டோட வீட்டு நம்பர் வரிசைப்படி அறை அறையா இருக்கற சட்டத்துல லெட்டரை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பையில போட்டுக் கெளம்பணும். ஒரு வீட்டுக்கு நாலு லெட்டர் இருந்தாலும் ஒண்ணு இருந்தாலும் அந்த கேட்டைத் திறக்கறது, படி ஏறறது, நாய்க்கு பயந்து விரலை உள்ள விடாம கதவு ஓட்டையில தள்ளறது எல்லாம் அதே நேரம்தான். லெட்டர் பாதியா குறைஞ்சா செலவு பாதியா குறையாது. 2,000 கோடியா இருந்தது 2023-24ல சுமார் 670 கோடி ஆயிருச்சு, ரூட்டு மட்டும் அப்படியே இருக்கு, போதாததுக்கு வருஷா வருஷம் புது வீடுங்க வேற கூடுது. இந்தக் கடமைக்கு ராயல் மெயிலுக்கு வருஷத்துக்கு 32.5 கோடில இருந்து 67.5 கோடி பவுண்டு வரைக்கும் நிகரச் செலவு ஆகுதுன்னு 2024 ஜனவரில ஆஃப்காமே கணக்கு சொல்லிச்சு.

போட்டிக்காரங்க இதைத் தொடவே இல்ல. பேங்க், கரன்ட் கம்பெனி அனுப்பற மொத்த லெட்டரை வாங்கி, ஊர்வாரியா பிரிச்சு, ராயல் மெயில் மையத்துல இறக்கிட்டுப் போயிடுவாங்க. வீட்டு வாசல் வரைக்கும் சுமக்கறது ராயல் மெயில், அதுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கும். பின்னாடி மொத்த லெட்டர்ல பாதிக்கு மேல இந்த வழியாதான் வந்துச்சு. பெரிய அளவுல ஒரே ஒருத்தர்தான் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தாங்க: டிஎன்டி போஸ்ட், பின்னாடி விசில் (Whistl)னு பேரு மாத்துனவங்க. 2012ல மேற்கு லண்டன்ல ஆரஞ்சு யூனிஃபார்ம் போட்டு சைக்கிள்ல ஆள் விட்டாங்க, மான்செஸ்டர், லிவர்பூலுக்கும் போனாங்க. நெருக்கமான நகரம் மட்டும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் டெலிவரி. ஷெட்லாண்ட் எல்லாம் கிடையாது. அப்படி நுங்கை மட்டும் தோண்டித் தின்னுட்டு மட்டைய ராயல் மெயில்கிட்ட விட்டும் கட்டுப்படியாகல, 2015ல மூடினாங்க, சுமார் 2,000 பேருக்கு வேலை போச்சு. தனியார் போட்டி வந்தா எல்லாம் சரியாயிடும்னு நம்பினவங்க இந்த ஒரு தோல்விய ஏனோ அதிகம் பேசறதே இல்ல.

நிலத்தைப் பத்தி சுருக்கமா. லண்டன் நடுவுல, பழைய ஜெயில் இருந்த இடத்துல, மவுண்ட் ப்ளெசன்ட்னு பெரிய சார்ட்டிங் ஆபீஸ். அடியில லெட்டருக்குனே தனியா ஓடின குட்டி ரயில் கூட உண்டு, 2003ல நிறுத்திட்டாங்க, இப்ப மியூசியத்துல டிக்கெட் வாங்கிட்டு அதுல போய்ட்டு வரலாம். அந்த இடத்தோட ஒரு பகுதிய மட்டும் 2017ல வீடு கட்டறவங்களுக்கு 19.35 கோடி பவுண்டுக்கு வித்தாங்க. பேடிங்டன் இடத்தை 2014லயே 11.1 கோடிக்கு. தலைமுறை தலைமுறையா சேர்ந்த பொதுச் சொத்து, கம்பெனி ஷேரோட சேர்ந்து போயிருச்சு.

நல்ல வருஷமும் கெட்ட வருஷமும்

முதல் சில வருஷம் அமைதிதான். 2013 கடைசில சங்கத்தோட ஒப்பந்தம் போட்டாங்க, சம்பளம் ஏறிச்சு, பெரிய ஸ்ட்ரைக் இல்ல. ஷேருக்கு வருஷம் 20 பென்ஸுக்கு மேல டிவிடெண்ட், 100 கோடி ஷேர்னா கணக்குப் போட்டுக்கங்க, வருஷத்துக்கு 20 கோடி பவுண்டுக்கு மேல. 2018ல மோயா கிரீன் போய் ரிக்கோ பேக் வந்தாரு. சுவிட்சர்லாந்து வீட்டுல இருந்து போக வர இருந்துக்கிட்டு பிரிட்டன் தபாலை நடத்தினாரு, பழைய கான்ட்ராக்டை முடிச்சதுக்குனே அவருக்கு 58 லட்சம் பவுண்டு, ஷேர்ஹோல்டர்ல 70% பேர் அந்த சம்பளத் திட்டத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க. லாபம் குறையும்னு எச்சரிக்கை விட்டதும் ஷேர் சரிஞ்சு, 2020 மார்ச்ல 130 பென்ஸுக்கும் கீழ. மே மாசம் அவரும் போயாச்சு.

அப்புறம் கொரோனா. ஊரே வீட்டுல உக்காந்து ஆர்டர் போட்டுச்சு, பார்சல் மலை மாதிரி குவிஞ்சது. தபால்காரங்க மாஸ்க் போட்டுட்டு சுமந்தாங்க. 2021-22ல குழுமம் 75 கோடி பவுண்டுக்கு மேல லாபம் பார்த்துச்சு. வாழ்க்கையில ஒரு தடவை வர்ற யோகம். இந்தப் பணம் எங்க போகணும்? 2021 நவம்பர்ல ஷேர்ஹோல்டர்களுக்குத் திருப்பிக் குடுக்கறதா அறிவிச்சாங்க, ஸ்பெஷல் டிவிடெண்டாவும் ஷேரைத் திரும்ப வாங்கறதுக்கும் சேர்த்து 40 கோடி பவுண்டு.

அடுத்த வருஷமே பார்சல் குறைஞ்சது, விலைவாசி ஏறிச்சு, சம்பளப் பேச்சு முறிஞ்சது. 2022 ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் 18 நாள் ஸ்ட்ரைக், கிறிஸ்மஸ் சீசனையும் சேர்த்து. 2022-23ல ராயல் மெயில் பிரிவுக்கு 100 கோடி பவுண்டு நஷ்டம். அதே குழுமத்துல ஐரோப்பா பார்சல் கம்பெனி ஜிஎல்எஸ் லாபத்துல ஓடுது, சீர்திருத்தத்துக்கு ஒத்து வரலைன்னா ரெண்டையும் பிரிச்சுடுவோம்னு போர்டு சொல்லிப் பார்த்துச்சு. குழுமத்தோட பேரையே இன்டர்நேஷனல் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் சர்வீசஸ்னு மாத்தினாங்க. பேரு மாத்தற வியாதி போகல.

2023 ஜனவரில தலைமை அதிகாரி சைமன் தாம்சனை பார்லிமென்ட் கமிட்டி கூப்பிட்டுச்சு. தபால்காரங்க கையில ஒரு மெஷின் இருக்கும், பிடிஏன்னு சொல்வாங்க, கையெழுத்து வாங்க, பார்சல் ஸ்கேன் பண்ண. அது ஆள் எங்க நின்னாரு, எவ்வளவு நேரம் அசையாம இருந்தாருங்கறதையும் பதியும். அதை வெச்சு தனித்தனி ஆளோட வேகத்தை விரட்டறீங்களான்னு கேட்டாங்க. இல்லைங்கற மாதிரி பதில் வந்துச்சு. அதுக்கப்புறம் நாடு முழுக்க டெலிவரி ஆபீஸ்ல இருந்து கமிட்டிக்குத் தகவல் குவிஞ்சது, நோட்டீஸ் போர்டுல ஒட்டின பேப்பர் போட்டோ உட்பட. அடுத்த மாசமே அவரைத் திரும்பக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க, மே மாசம் அவர் விலகறதா அறிவிப்பு வந்துச்சு. லெட்டரைத் தள்ளி வெச்சு பார்சலை முதல்ல எடுங்கன்னு மேல இருந்து சொல்றாங்கங்கற குற்றச்சாட்டும் அப்பத்துல இருந்து ஓயல. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் லெட்டர், தேதி முடிஞ்சப்புறம் வந்து சேருதுன்னு புகார் புகாரா வந்துச்சு.

2022-23ல ஃபர்ஸ்ட் கிளாஸ் லெட்டர் மறுநாள் போய்ச் சேர்ந்தது 73.7%. இலக்கு 93. ஆஃப்காம் 56 லட்சம் பவுண்டு அபராதம் போட்டுச்சு. அடுத்த வருஷம் 74.7%, 1.05 கோடி. அதுக்கு அடுத்து 77%, 2025 அக்டோபர்ல 2.1 கோடி. அபராதம் ரெட்டிப்பாகிட்டே போகுது, லெட்டர் வேகம் எறும்பு மாதிரி ஏறுது. ஸ்டாம்ப் 60 பென்ஸ்ல இருந்து 2025 ஏப்ரல்ல 1 பவுண்டு 70 பென்ஸ்.

இது தனியார்மயத்தால மட்டும் வந்ததான்னு கேட்டா, இல்ல. ஸ்வீடன், டென்மார்க் ரெண்டு அரசாங்கத்துக்கும் சொந்தமானது போஸ்ட்நார்ட். அவங்க 2025 கடைசியோட டென்மார்க்ல லெட்டர் டெலிவரியையே நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க, தெருவுல இருந்த சிவப்புப் பெட்டி 1,500ஐயும் எடுக்க ஆரம்பிச்சாங்க. அரசாங்கம் முதலாளியா இருந்தா ஜனங்க லெட்டர் எழுதுவாங்கன்னு இல்ல. ஆனா லெட்டர் குறையப் போகுதுங்கறது 2013ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ஹூப்பர் ரிப்போர்ட்டுலயே இருக்கு. தெரிஞ்சே, நல்ல வருஷத்துப் பணத்தை கெட்ட வருஷத்துக்குனு எடுத்து வெக்கணும்னு ஒரு வரி கூட விற்பனை நிபந்தனையில வெக்கலையே, அதைத்தான் தப்புங்கறேன். ஷேர்ஹோல்டர் கேட்டதுல தப்பே இல்ல, அவன் வாங்கினதே அதுக்குத்தான்.

செக் நாட்டுக்காரர்

டேனியல் க்ரெட்டின்ஸ்கி, ரஷ்ய கேஸை உக்ரைன் வழியா ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்த ஸ்லோவாக் பைப்லைன்ல பங்கு இருந்தவர், வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப்புலயும் பங்கு. 2020ல ஷேர் அடிமட்டத்துல கெடந்தப்ப வாங்க ஆரம்பிச்சு கால்வாசிக்கு மேல சேர்த்தாரு. 2024 ஏப்ரல்ல ஷேருக்கு 320 பென்ஸ்னு மொத்தத்துக்கும் கேட்டாரு, போர்டு முடியாதுன்னுச்சு, மே மாசம் 370க்கு ஒத்துக்கிச்சு. கம்பெனி மதிப்பு சுமார் 357 கோடி பவுண்டு. 2013ல அரசாங்கம் வித்த 330 பென்ஸுக்கு மேல வெறும் நாப்பது பென்ஸ் கூட, அதுவும் சில பென்ஸ் டிவிடெண்டையும் சேர்த்து. விலைவாசியக் கழிச்சுப் பார்த்தா 227 ஷேரை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருந்த சின்ன முதலீட்டாளருக்கு டிவிடெண்ட் மட்டும்தான் மிச்சம்.

வேடிக்கை என்னன்னா 2017லயும் 2019லயும் ராயல் மெயிலைத் திரும்ப தேசியமயமாக்குவோம்னு தேர்தல் அறிக்கையில எழுதின லேபர் கட்சிதான், 2024 டிசம்பர்ல ஆட்சியில உக்காந்து இந்த விற்பனைக்கு ஒப்புதல் குடுத்துச்சு. சும்மா குடுக்கல. அரசாங்கத்துக்கு ஒரு "தங்க ஷேர்", அது இருந்தா தலைமையகத்தையும் வரி கட்டற இடத்தையும் அனுமதி இல்லாம நாட்டை விட்டு மாத்த முடியாது. சேவை இலக்கையும் நிதி நிலைமையையும் பார்க்காம பணத்தை உருவக் கூடாதுன்னு கட்டுப்பாடு, முதலாளி எடுக்கற டிவிடெண்ட்ல 10% ஊழியர்களுக்குன்னு ஒரு ஏற்பாடு. சிடபிள்யூயூவும் உக்காந்து பேசித்தான் இதை வாங்கிச்சு. 2013ல ஒரு அரசாங்கம் தன் கையில இருந்த சொத்தை விக்கறப்ப கேக்காத நிபந்தனையெல்லாம், தனக்குச் சொந்தமே இல்லாத சொத்தை இன்னொருத்தர் விக்கறப்ப இன்னொரு அரசாங்கம் கேட்டு வாங்கியிருக்கு. கேட்டா கிடைக்கும்ங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்.

2025 ஏப்ரல் கடைசில கை மாறிச்சு. ஜூலைல ஆஃப்காம் பொதுச் சேவைக் கடமையையே தளர்த்திடுச்சு: செகண்ட் கிளாஸ் லெட்டர் இனிமே திங்கள்ல இருந்து வெள்ளிக்குள்ள ஒருநாள் விட்டு ஒருநாள், சனிக்கிழமை கிடையாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆறு நாள் தொடரும், இலக்கு மட்டும் 93ல இருந்து 90 ஆகுது. 37 டெலிவரி ஆபீஸ்ல முன்னாடியே சோதனை பண்ணிப் பார்த்தாங்க. ஆரஞ்சு யூனிஃபார்ம்காரங்க 2012ல பண்ண அதே ஒருநாள் விட்டு ஒருநாள். கட்டுப்பாட்டாளரை நான் குத்தம் சொல்லல, 670 கோடி லெட்டருக்கு 2,000 கோடி லெட்டரோட டைம்டேபிளை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டறது. ஆனா இதே தளர்வை 2013ல, இல்ல 2021ல, கையில காசு இருந்தப்ப பேசியிருந்தா பதிலுக்கு ஏதாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.

அந்த 2.1 கோடி பவுண்டு அபராதம் யாருக்குப் போகுதுன்னும் சொல்லிடறேன். 1 பவுண்டு 70 பென்ஸ் குடுத்து ஸ்டாம்ப் ஒட்டி, லெட்டர் லேட்டா போனவருக்கு அதுல ஒண்ணும் இல்ல. அது டெலிவரி ஆபீஸ்ல ஆள் சேர்க்கவும் போகாது. 198 கோடி போன அதே கஜானாவுக்குத்தான் இதுவும் போகுது.